பொய் சொல்லும் தூதன்

சிவப்பு விளக்கு பச்சையாகிறது. வரிசையில் நின்ற கார்கள் நகர ஆரம்பிக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது தரையோடு தரையாகத் தாழ்ந்து, மூக்கு நீண்டு, பதுங்கிய சிறுத்தை மாதிரி இருக்கும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். முதலில் பாய வேண்டியது அதுதான். ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்துகிறார். கார் ஒரு முழம் துள்ளுகிறது. உடனே யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் முகம் கவிழ்கிறது. மறுபடியும் துள்ளல், மறுபடியும் கவிழ்தல். நாற்சந்தியின் நடுவில் எஞ்சின் அணைந்தே போகிறது. பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. பக்கத்துச் சாலையிலிருந்து வந்த லாரிக்காரர் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். அது காதில் விழாமல் இருப்பது நல்லது.

காட்சி நாம் கற்பித்துக்கொண்டதுதான். கார் மட்டும் கற்பனையல்ல. ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்து மாஸ்டா கம்பெனி 1985-ல் வெளியிட்ட இரண்டாவது தலைமுறை ஆர்.எக்ஸ்.-7 அது. சுமார் ஏழு வருஷ காலத்தில் ஏறக்குறைய 2,70,000 கார்கள் செய்யப்பட்டன. அவற்றில் பெரும் பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இன்று அவற்றில் மிஞ்சியிருப்பவை எல்லாம் முப்பது வயதைத் தாண்டியவை. ஆசையாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், அலுத்துப் போய் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அலுத்துப் போனவர்களின் புகார்ப் பட்டியலில் மேலே சொன்ன துள்ளலும் கவிழ்தலும் தவறாமல் இடம் பெறும்.

துள்ளுகிற காரை ஒர்க்ஷாப்பில் விட்டால் என்ன நடக்கும்? முதலில் ஸ்பார்க் பிளக்குகள் மாறும். அப்புறம் பிளக் ஒயர்கள். அதற்கப்புறம் பெட்ரோல் பம்ப், பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள், காற்றை அளக்கும் கருவி என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். பில் ஏறும், துள்ளல் மட்டும் இறங்காது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு தீர்ப்பு வரும்: "ரோட்டரி எஞ்சின் என்றாலே இப்படித்தான். இதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு எஞ்சின் வையுங்கள்." அமெரிக்காவில் எத்தனையோ ஆர்.எக்ஸ்.-7 கார்களில் ஹிரோஷிமா எஞ்சினைக் கழற்றிவிட்டு எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டுகிறார்கள். பலருக்கு அது வேகத்தின் மேலுள்ள மோகம். சிலருக்கு, இந்தத் துள்ளலோடு மல்லுக்கு நின்று தோற்றுப் போனதன் விளைவு.

தோற்றவர்களில் எத்தனை பேர் ஒரு சிறு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பிப் பார்த்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

காலுக்கும் மூளைக்கும் நடுவில்

அந்தத் திருகாணி எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் அதிகமாகப் பாய்கிறது என்றுதான் பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். உண்மையில் கால் திறப்பது காற்றின் வழியை. எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயில் வட்டமான ஒரு தகடு கதவு மாதிரி நிற்கிறது. அதற்குத் திராட்டில் என்று பெயர். மிதித்தால் கம்பி இழுக்கிறது, கதவு திறக்கிறது, காற்று உள்ளே பாய்கிறது. ஆர்.எக்ஸ்.-7-ல் இப்படி மூன்று கதவுகள். ஒன்று முதலில் திறக்கும், மற்ற இரண்டும் பிறகு சேர்ந்துகொள்ளும்.

காற்று வந்த அளவுக்குத் தக்க பெட்ரோல் வேண்டும். பழைய கார்புரேட்டரில் காற்று தானே பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போகும். ஆர்.எக்ஸ்.-7 போன்ற கார்களில் ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு பெட்ரோலை அளந்து பீச்சச் சொல்கிறது. இந்த மின்சார மூளைக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று யாராவது போய்ச் சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்லும் தூதன்தான் திராட்டில் பொஸிஷன் சென்ஸார். கட்டை விரல் அளவுதான் இருக்கும்.

அதன் உள்ளே இருப்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வீட்டு ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்கிறதல்லவா, அதன் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் ஒரு பட்டை. அதன்மேல் நகரும் ஒரு சிறு தொடுமுள். முள் எங்கே நிற்கிறதோ அதற்கு ஏற்பத் தடை மாறும். 1986 முதல் 1988 வரையிலான மாடல்களில் திராட்டிலின் நெம்புகோல் இந்தச் சென்ஸாரின் மூக்கை உள்ளே தள்ளுகிறது. கதவு மூடியிருக்கும்போது தடை சுமார் 1,000 ஓம். முழுக்கத் திறந்தால் சுமார் 5,000 ஓம். நடுவில் எந்த இடத்திலும் குதிக்காமல் ஒரே சீராக ஏற வேண்டும்.

இந்தத் தூதனிடமிருந்து கம்ப்யூட்டர் தெரிந்துகொள்வது முக்கியமாக இரண்டு சங்கதிகள். ஓட்டுபவர் காலை எடுத்துவிட்டாரா என்பது ஒன்று. எவ்வளவு வேகமாக மிதிக்கிறார் என்பது மற்றொன்று. சடாரென்று மிதித்தால் காற்று முந்திக்கொண்டு வந்துவிடும். பெட்ரோல் பின்தங்காமல் இருக்க, அந்தக் கணத்தில் கொஞ்சம் அதிகமாகப் பீச்ச வேண்டும். காலை முழுக்க எடுத்துவிட்டால் எதிர்மாறு: கார் தன் வேகத்திலேயே உருள்கிறது, பெட்ரோலே வேண்டாம், பீச்சுவதை அடியோடு நிறுத்திவிடலாம். சரிவில் இறங்கும்போது இது நல்ல சிக்கனம்.

இரண்டு விதப் பொய்கள்

தூதன் சரியாகச் சொல்லும் வரையில் எல்லாம் சுகம். வருஷங்கள் ஆக ஆக நெம்புகோல்கள் தேய்கின்றன, கம்பி நீள்கிறது, முன்பு கை வைத்தவர் எதையோ திருப்பிவிட்டுப் போயிருப்பார். சென்ஸார் கெட்டுப் போகவில்லை. அது நிற்கிற இடம் மட்டும் மயிரிழை பிசகிவிட்டது. அவ்வளவு போதும், பொய் ஆரம்பமாகிவிடும்.

முதல் வகைப் பொய்: கதவு சிறிது திறந்திருக்கும்போதே "மூடியாகிவிட்டது" என்பது. எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, கதவோ மூடியிருக்கிறதாம். கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? கார் சரிவில் இறங்குகிறது என்று நினைத்துப் பெட்ரோலை நிறுத்தும். எஞ்சின் தளரும். ஒரு வரம்புக்குக் கீழே தளர்ந்ததும் "ஐயோ, அணைந்துவிடப் போகிறது" என்று மறுபடி பெட்ரோலைக் கொடுக்கும். எஞ்சின் சீறி எழும். எழுந்ததும் மறுபடி நிறுத்தும். நின்ற இடத்திலேயே கார் 'ஊம்... ஊஊம்... ஊம்... ஊஊம்' என்று ஏற்றம் இறைப்பது போல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஓடும்போது அதுவே முகம் கவிழ்கிற துள்ளலாகிறது.

இரண்டாவது வகை நேர் விரோதம்: கதவு மூடியிருக்கும்போது "சற்றுத் திறந்திருக்கிறது" என்பது. அப்போது கம்ப்யூட்டர் ஐட்லிங் வேகத்தைச் சரிப்படுத்தும் பொறுப்பைக் கைவிட்டுவிடும். ஓட்டுபவரே மிதித்துக் கொண்டிருக்கிறார், நாம் ஏன் தலையிட வேண்டும் என்று அதற்கு நினைப்பு. சரிவிலும் பெட்ரோல் பாய்ந்துகொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சூடான புகைக்குழாயில் போய்ப் பற்றி 'டப் டப்'பென்று வெடிக்கும்.

எந்த எஞ்சினுக்கும் இது தொல்லைதான். ரோட்டரி எஞ்சினுக்கு இரட்டைத் தொல்லை. அதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன்கள் கிடையாது. முக்கோணம் போன்ற உருளை ஒன்று, இடுப்பில் பருத்த எட்டு மாதிரியான அறைக்குள் சுழல்கிறது. ஆர்.எக்ஸ்.-7-ன் 13பி எஞ்சினில் இப்படி இரண்டு உருளைகள், மொத்தம் 1,308 கன சென்டிமீட்டர். புகை வெளியேறும் வாயிலும் புதுக் காற்று நுழையும் வாயிலும் சிறிது நேரம் ஒருசேரத் திறந்திருப்பதால், மெதுவாக ஓடும்போது பழைய புகை புதுக் காற்றோடு கலந்துவிடுகிறது. லேசான மிதிப்பில் நெருப்பு பிடிப்பதே சற்றுச் சந்தேகந்தான். அந்த நிலையில் தூதனும் பொய் சொன்னால் கேட்க வேண்டுமா?

ஆகவே ஒர்க்ஷாப்காரரின் தீர்ப்பில் கால்வாசி உண்மை இருக்கிறது. மெதுவாகப் போகும்போது லேசாகக் குலுங்குவது இந்த எஞ்சினின் பிறவிக் குணம். நாற்சந்தியில் அணைந்து போவது பிறவிக் குணம் அல்ல.

பழைய கதை

தூதனை வைத்துக்கொள்ளும் யோசனை ஜப்பானில் பிறந்ததும் அல்ல. பெட்ரோலை மின்சாரத்தால் அளந்து பீச்சும் முயற்சியை 1950-களில் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் கம்பெனி தொடங்கியது. 1958 மாடல் கிரைஸ்லர் கம்பெனிக் கார்கள் சிலவற்றில் பொருத்தியும் பார்த்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. அந்த உரிமையைப் பெற்ற ஜெர்மனியின் போஷ் கம்பெனி அதைத் திருத்தி, 1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. கலிபோர்னியா மாகாணத்தில் கார்ப் புகைக்குக் கடுமையான சட்டங்கள் வந்த சமயம் அது. அந்த ஏற்பாட்டிலேயே திராட்டில் தண்டின் முனையில் ஒரு சிறு சுவிட்சு இருந்தது. உள்ளே சீப்புப் பல் மாதிரித் தொடுமுனைகள். மிதிக்கும்போது முள் ஒவ்வொரு பல்லாகத் தாண்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு தாண்டலுக்கும் எஞ்சினுக்கு ஒரு வாய் கூடுதல் பெட்ரோல்.

1970-களின் போர்ஷே 914 ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே சுவிட்சுதான். இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி, சுவிட்சு முழுவதையும் மெல்லத் திருப்பி, மூடிய நிலைக்கான தொடர்பு கிடைக்கும் இடத்தில் நிறுத்தி இறுக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன் அதைச் செய்த மெக்கானிக்குக்கும் இன்று ஆர்.எக்ஸ்.-7-ன் பானெட்டைத் திறந்து குனிகிறவருக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஹிரோஷிமாக்காரர்கள் வழியில் ஒரு பொறியை வைத்துவிட்டார்கள்.

மெழுகு செய்யும் வேலை

அந்தப் பொறி மெழுகு!

குளிர்ந்திருக்கும் எஞ்சின் சற்று வேகமாக ஓடினால்தான் அணையாமல் இருக்கும். குளிர் தேசத்துக் காலையில் அது இன்னும் அவசியம். அதற்காக ஆர்.எக்ஸ்.-7-ன் திராட்டில் பக்கத்தில் தெர்மோவாக்ஸ் என்று ஒரு சிறு குப்பி வைத்திருக்கிறார்கள். உள்ளே மெழுகு. குப்பியைச் சுற்றி எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடுகிறது. நீர் குளிர்ந்திருக்கும்போது மெழுகு கெட்டியாகிச் சுருங்கிக் கிடக்கும். அப்போது ஒரு கேம் துண்டு திராட்டில் கதவை முழுக்க மூடவிடாமல் தாங்கிக்கொண்டு நிற்கும். எஞ்சின் சூடேறினால் மெழுகு உருகும். உருகினால் விரியும். விரிந்த மெழுகு ஒரு தண்டைத் தள்ள, தண்டு கேமை நகர்த்த, கதவு தன் முழு மூடிய நிலைக்கு வந்து சேரும். ரேடியேட்டரில் நீர்ப் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டிலும் இதே மெழுகுத் தந்திரந்தான். மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, மெழுகின் குணம் ஒன்றே வேலையை முடித்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

சங்கடம் எங்கே வருகிறது என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்துவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு, ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த காரின் பானெட்டைத் தூக்குகிறாரே ஒருவர், அங்கேதான். அவர் ஓம் மீட்டரை வைத்துப் பார்க்கிறார். கதவு மூடியிருப்பதாக நினைத்துக்கொள்கிறார், கால்தான் மிதியில் இல்லையே! உண்மையில் மெழுகு சுருங்கியிருப்பதால் கதவு சற்றே திறந்திருக்கிறது. மீட்டர் 1,000 ஓமுக்கு மேலே காட்டுகிறது. "அகப்பட்டுக்கொண்டான் திருடன்!" என்று திருகாணியைத் திருப்பி 1,000-க்குக் கொண்டுவந்து வைக்கிறார். மீட்டர் சந்தோஷப்படுகிறது. அவரும் சந்தோஷப்படுகிறார். பத்து நிமிஷம் ஓடி எஞ்சின் சூடானதும் மெழுகு விரிகிறது, கதவு உண்மையில் மூடுகிறது, சென்ஸார் தன் எல்லைக்கும் கீழே போய்விடுகிறது. இனி கதவு கொஞ்சம் திறந்தாலும் அது "மூடியிருக்கிறது" என்றுதான் சொல்லும். நேற்றுவரை எப்போதாவது பொய் சொன்ன தூதனுக்கு இப்போது நிரந்தரமாகப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தாயிற்று.

இப்படிச் செய்துவிட்டு, சென்ஸாரே கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி, அதையும் குளிர்ந்த எஞ்சினில் அதே தவறோடு பொருத்துகிறவர்கள் உண்டு. புதுச் சென்ஸாரும் பொய் சொல்லும். அப்புறம் பழி கம்ப்யூட்டர் மேல் விழும். கம்ப்யூட்டருக்குப் பிறகு பழி போட எஞ்சின் ஒன்றுதான் பாக்கி.

விளக்கு ஒன்று, இருட்டு ஒன்று

ஆகவே முதல் வேலை காரை ஓட்டுவது. சும்மா ஐந்து நிமிஷம் நிறுத்தி உறுமவிட்டால் போதாது. உஷ்ணமானி முள் வழக்கமான இடத்தில் நிலைத்து நிற்கும் வரை ஓட்டிவிட்டு வர வேண்டும். வந்ததும் பானெட்டைத் திறந்து, கேமுக்கும் அதைத் தொட்டுக்கொண்டிருந்த சிறு உருளைக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இடைவெளி இருந்தால் மெழுகு தன் கடமையைச் செய்துவிட்டது. இல்லையென்றால், எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தாலும் சென்ஸாரைத் தொடக்கூடாது. மெழுகுக் குப்பி சோர்ந்துவிட்டது, அல்லது கேம் சரியில்லை என்று அர்த்தம். அதை முதலில் பார்க்க வேண்டும்.

பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, உள்ளதில் ருசிகரமான கட்டத்துக்கு வரலாம். எஞ்சின் அறையில் மூன்று முனைகள் கொண்ட ஒரு பச்சை நிறச் செருகி இருக்கிறது. எதனோடும் சேராமல் தனியாகத் தொங்குவதால், ஏதோ அறுந்து போன ஒயர் என்று நினைத்து டேப் சுற்றி மறைத்துவிட்டவர்களும் இருப்பார்கள். கம்ப்யூட்டர் மனிதனோடு பேசுவதற்காகத் தொழிற்சாலைக்காரர்கள் வைத்த வாய் அது. அதில் இரண்டு சிறிய 12 வோல்ட் பல்புகளைப் பொருத்த வேண்டும். சக்தி மிகக் குறைந்த பல்புகளாக இருக்க வேண்டும். ஹெட்லைட் பல்பை மாட்டினால் பல்பு இழுக்கும் மின்சாரத்தைத் தாங்க முடியாமல் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நுண்ணிய பாகம் கருகிவிடும்.

சாவியைத் திருப்புங்கள், எஞ்சினை ஓடவிடாதீர்கள். இப்போது விளக்குகளைப் பாருங்கள். ஒன்று எரிந்து மற்றொன்று அணைந்திருந்தால் தூதன் நிற்கும் இடம் சரி. இரண்டும் எரிந்தால் ஒரு பக்கம் பிசகு, இரண்டும் அணைந்திருந்தால் மறுபக்கம் பிசகு. சென்ஸாரை நகர்த்தும் திருகாணியைத் தக்க திசையில் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒரு விளக்கு மட்டும் எரியும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

ஓம் மீட்டர் காட்டும் 1,000 ஓமைக் காட்டிலும் இது உயர்ந்த வழி. ஏன்? மீட்டர் தெரிவிப்பது சென்ஸாரின் கதையை மட்டுமே. விளக்குகள் தெரிவிப்பது, சென்ஸார் சொன்னதைக் கம்ப்யூட்டர் எப்படிப் புரிந்துகொண்டது என்பதை. நடுவில் ஓடும் ஒயர், முப்பது வருஷத்துப் பச்சைக் களிம்பு ஏறிய செருகி, தளர்ந்து போன எர்த் இணைப்பு எல்லாம் அந்தப் பதிலில் அடங்கிவிடுகின்றன. தூது அனுப்பியவனை விசாரிப்பதை விட, தூது கேட்டவனை விசாரித்தால் உண்மை சீக்கிரம் வெளிவரும்.

ஒன்று மட்டும் கவனம். விளக்கு மாறும் எல்லை மிகக் குறுகலானது. திருப்புளியைத் திருகாணியின் மேல் அழுத்தும் அந்த விரல் பாரமே நெம்புகோலைத் தள்ளி, விளக்கை மாற்றிக் காட்டிவிடும். கையை எடுத்ததும் பழைய நிலை திரும்பும். ஆகவே திருப்பு, கையை எடு, பார். மறுபடி திருப்பு, கையை எடு, பார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரின் பொறுமை வேண்டும். சரியாக வந்தபின் ஆக்ஸிலரேட்டரை நாலைந்து முறை மிதித்து விட்டு, ஒவ்வொரு முறையும் அதே ஒரு விளக்குத்தான் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை ஒன்று, மறு தடவை இரண்டு என்று காட்டினால், கதவோ கம்பியோ எங்கேயோ சிக்குகிறது. அங்கே வேண்டியது திருப்புளி அல்ல. அழுக்கு நீக்கும் திரவமும் துணியும்.

தொடக்கூடாத திருகாணி

இவ்வளவும் செய்தும் சில கார்களில் ஐட்லிங் சரியாக வராது. பெரும்பாலும் காரணம், யாரோ எப்போதோ வேறொரு திருகாணியில் கை வைத்திருப்பார்கள்.

திராட்டில் கதவு மூடும்போது எந்த இடத்தில் முட்டி நிற்க வேண்டும் என்று நிர்ணயிக்கும் ஒரு திருகாணி உண்டு. அதைத் தொழிற்சாலையிலேயே அளந்து வைத்து அனுப்பிவிடுவார்கள். அது நமக்கானது அல்ல. ஐட்லிங் வேகத்தைக் கூட்டக் குறைக்க, காற்று பக்கவாட்டில் போகும் சிறு வழியில் தனியாக ஒரு திருகாணி இருக்கிறது. எஞ்சின் அடிக்கடி அணைகிறதே என்று அவசரப்பட்டவர், கண்ணுக்கு முதலில் தெரிந்த முட்டுத் திருகாணியைத் திருப்பி, கதவையே கொஞ்சம் திறந்து வைத்துவிடுவார். அன்றைக்குக் காரியம் ஆகிவிடும். ஆனால் அஸ்திவாரமே நகர்ந்துவிட்டது. அதற்கு மேல் சென்ஸாரை எங்கே வைத்தாலும் கணக்கு உதைக்கும். பழைய காரை வாங்குகிறவர் அந்தத் திருகாணியின் தலையில் திருப்புளி வழுக்கிய கீறல்கள் இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. காரின் பூர்வ சரித்திரத்தை அது வாயைத் திறக்காமலே சொல்லிவிடும்.

சென்ஸாரைச் சரிப்படுத்தின பிறகுதான் ஐட்லிங் வேகம். கம்ப்யூட்டர் தானாகத் தலையிடாமல் இருக்க, அதற்கென்று உள்ள ஒரு செருகியின் முனைகளை ஒயர்த் துண்டால் இணைத்துவிட்டு, காற்றுத் திருகாணியால் நிமிஷத்துக்கு 750 சுற்று என்று வைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் இரண்டு வேலையும் கெடும்.

சென்ஸாரே உண்மையில் கெட்டுப் போவதும் உண்டு. பழைய ரேடியோவின் குமிழைத் திருப்பும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் 'கரகர'வென்று சத்தம் வருமே, அதே வியாதிதான். முள் அதிகமாக நின்று நின்று பட்டை தேய்ந்த இடம் அது. காரில் அந்த இடம் பெரும்பாலும் கதவு சற்றே திறந்த நிலை. வருஷக்கணக்கில் கால் அங்கேதான் இருந்திருக்கிறது. மூக்கை விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே மீட்டரைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். இந்த ஒரு சோதனைக்கு, எண்கள் மின்னும் புது மீட்டரைவிட முள் அசையும் பழைய மீட்டர் மேல். ஒரு கணம் முள் துடிப்பதைக் கண் பிடித்துவிடும், எண்களோ அதற்குள் மாறிவிட்டிருக்கும். தேய்ந்த பட்டையைத் திருகாணியால் சரிசெய்ய முடியாது. வேறு சென்ஸார்தான்.

தூதன் நிரபராதியாக இருக்கும் வழக்குகளையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கார்களில் நான்கு இன்ஜெக்டர்கள். மெதுவாகப் போகும்போது இரண்டு மட்டுமே வேலை செய்யும். டர்போ இல்லாத மாடலில் சுமார் 3,800 சுற்று வந்ததும் மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும். மிகச் சரியாக அந்த வேகத்தில் மட்டும் கார் ஒரு விக்கல் விக்கினால், எர்த் ஒயர்களையும் பின் இரண்டு இன்ஜெக்டர்களையும் பார்ப்பதுதான் முறை. 1989 மாடலிலிருந்து மாஸ்டாக்காரர்கள் சென்ஸாரையே மாற்றி, மூடிய நிலைக்கு அருகில் நுட்பமாக அளக்க ஒன்றும் முழு வீச்சுக்கு ஒன்றுமாக இரண்டு பட்டைகள் வைத்தார்கள். அதன் அளவுகள் வேறு. 1987 காருக்கு எழுதிய குறிப்பை 1990 காரில் பிரயோகித்துவிட்டுக் காரைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

இன்றைய புதுக் கார்களில் இந்தத் திருகாணியே கிடையாது. மிதிக்கும் கதவுக்கும் நடுவில் கம்பியும் இல்லை. மோட்டார் ஒன்று கதவைத் திறக்கிறது. ஒன்றுக்கு இரண்டாகத் தூதர்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் சொல்வதோடு கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறது. மூடிய நிலை எது என்பதையும் தானே கற்றுக்கொள்கிறது. பிசகினால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், முழுப் பாகத்தையும் மாற்ற வேண்டியதுதான். சௌகரியம் என்றால் சௌகரியம். பானெட்டுக்கு அடியில் குனிந்து, சூடான எஞ்சினின் மூச்சு முகத்தில் அடிக்க, ஒரு சின்ன பல்பு அணைவதற்காகக் காத்திருக்கும் வேலை மட்டும் போய்விட்டது.

மேலே நாற்சந்தியில் விட்டுவிட்டு வந்த கார்க்காரர் இந்த வேலையை முடிக்க ஒரு பிற்பகல் போதும். செலவு இரண்டு பல்பு, சில முழம் ஒயர். மாலையில் அதே நாற்சந்திக்கு ஓட்டிப் போய், பச்சை விளக்குக்குக் காத்திருந்து, மெல்ல மிதித்துப் பார்க்கலாம். ஆனால் அவர் மறுநாள் காலையில் ஆசை தாங்காமல் குளிர்ந்த எஞ்சினில் அந்தப் பல்புகளை மறுபடி மாட்டிப் பார்க்கவும் கூடும். நேற்று வைத்தது மாறிப்போனது போல் விளக்குகள் வேறு விதமாகக் காட்டும். மெழுகு ராத்திரியில் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். திருப்புளியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காரைக் கிளப்பலாம்.